தள்ளாமல் கிளம்பிய துரைக் கார்

மனித குலம் இதுவரை கண்ட மாபெரும் மாற்றங்கள் மூன்று. முதலாவது, சக்கரம் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டாவது, நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. மூன்றாவது, 2004ஆம் ஆண்டு மாத்தளையில், சரக்குக்கடை பதுர்தீன் ஹாஜியாருடைய பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குள் ஜப்பான் எஞ்சின் வைக்கப்பட்டது. முதல் இரண்டைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மூன்றாவதை எழுதும் பொறுப்பு, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவனும், ‘மாத்தளை புராதன மோட்டார் வாகன நவீனமயமாக்கல் சபை’யின் கௌரவ செயலாளருமாகிய சிவலிங்கம் என்ற என் தலையில் விழுந்திருக்கிறது.

காரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்பு நிறம். கூரை கிடையாது. முன்னால் இரண்டு இருக்கைகள். பின்னால், பழைய சொந்தக்காரரான வெள்ளைக்காரத் துரையின் இரண்டு நாய்களுக்காகத் தைத்துப் போட்ட குறுகலான ஒரு மெத்தை. எழுபத்தைந்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, உக்குவளைப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் ஊருக்குப் போக மூட்டை கட்டினார். நாய்களைக் கூட்டிக்கொண்டு போக வழி இருந்தது, காரைக் கொண்டுபோக வழி இருக்கவில்லை. ஆகவே, தன் குசினிக்கு மிளகும் கறுவாவும் ஏலமும் கொடுத்துவந்த பதுர்தீன் ஹாஜியாரின் வாப்பாவிடம் காரை விட்டுவிட்டுப் போனார். ‘இது தானாக ஸ்டார்ட் ஆகாது’ என்று போகும்போது சொன்னாராம். வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டில் விட்டுச் சென்றவற்றுள், குறையை ஒளிக்காமல் சொல்லி ஒப்படைத்தது இது ஒன்றைத்தான் என்று நினைக்கிறேன்.

தானாக ஸ்டார்ட் ஆகாத காரை என்ன செய்வது? கலியாணங்களுக்கு விட்டார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் நாய் மெத்தையில், மன்னிக்க வேண்டும், ‘மணமக்கள் ஆசனத்தில்’ ஏறி உட்காருவார்கள். ஹாஜியார் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். பெண்ணின் சகோதரன் பின்னால் போய்க் கைவைத்துத் தள்ளுவான். எஞ்சின் இரண்டு முறை இருமி, ஒரு முறை புகையைக் கக்கிப் பற்றிக்கொள்ளும். உடனே மாப்பிள்ளை மச்சானின் விரலில் ஒரு மோதிரம் போடுவார். ஊர்வலம் சந்தி வரை போகும்.

ஆரம்பத்தில் இது எஞ்சின் கோளாறாகத்தான் இருந்தது. பத்து வருடத்தில் சம்பிரதாயமாகிவிட்டது. முஸ்லிம் வீடு, இந்து வீடு, சிங்கள வீடு என்ற பேதமில்லாமல், மச்சான் தள்ளாத கலியாணத்தை மாத்தளை அரைக் கலியாணமாகவே கருதியது. தங்கச்சியின் கலியாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டாரோடு பேச்சை நிறுத்தியிருந்த அண்ணன்மார்கூட, அந்த நேரத்துக்கு மட்டும் வந்து வாயைத் திறக்காமல் தள்ளிவிட்டுப் போவார்கள். தள்ளினால் சம்மதம் என்று அர்த்தம். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, மானம் போவதில்லை. இவ்வளவு பாரிய குடும்ப விவகாரங்கள் எந்த விண்ணப்பப் படிவமும் இல்லாமல் வெறும் கையாலேயே தீர்ந்துவந்ததை நினைத்தால், முன்னாள் அரசாங்க ஊழியன் என்ற முறையில் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

யுத்தம் நடந்த பிரச்சினைக் காலம் முழுவதும் கார் இப்படியே ஓடியது. சந்தியில் சோதனைச் சாவடி இருந்தது. அங்கே எஞ்சினை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. சோதனை முடிந்ததும் ஆமிப் பையன்களே துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு தள்ளிவிடுவார்கள். லக்கல ஊர்ப் பையன் ஒருத்தன், தள்ளியதற்குத் தனக்கு மோதிரம் கிடையாதா என்று கேட்டு, அதற்குப் பதிலாகக் கலியாண வீட்டு இனிப்பான வட்டிலப்பம் வாங்கிக்கொண்டு போனான்.

அடையாள அட்டை வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சாவடியால் பெரிய கஷ்டமில்லை. அட்டை இல்லாதவனை மட்டும் வரிசையிலிருந்து எடுத்துத் தனியே நிறுத்துவார்கள். ‘இவனை யாருக்காவது தெரியுமா?’ என்று கேட்பார்கள். அந்த நேரம் வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் குனிந்து அவரவர் செருப்பைப் பார்ப்பது வழக்கம். தெரியும் என்று சொன்னவனையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன கதைகள் ஊரில் உலவின. அதனால் மாத்தளை மக்களுக்குத் தங்கள் செருப்பின் வார், ஆணி, தேய்மானம் எல்லாம் அத்துப்படி.

பிறகு யுத்த நிறுத்தம் வந்தது. சாவடியில் மணல் மூட்டைகள் மட்டும் மிஞ்சின, அவற்றின் மேல் ஆடுகள் படுத்தன. அமைதி வந்தால் அடுத்து வர வேண்டியது முன்னேற்றம். அது ஜப்பானிலிருந்து, இத்ரூஸ் என்ற உருவத்தில் வந்தது.

இத்ரூஸ் நாகோயாப் பக்கத்தில் அடிபட்ட கார்களைப் பிரித்தெடுக்கும் யார்டில் வேலை பார்த்துவிட்டு, பலாபத்வெலயில் கராஜ் போட்டிருந்தார். ‘இலத்திரனியல் நிபுணர்’ என்று போர்ட்டில் எழுதியிருந்தது. போர்ட்டைச் சுற்றிலும் சிறு பல்புகள் ஓடி ஓடி எரிந்தன. இதைவிட வேறு தகைமை கேட்பது நாகரிகமில்லை என்று நாங்கள் கருதினோம்.

சபையின் முதலாவது கூட்டம் ஹாஜியாரின் கடைப் பின்கட்டில், மிளகு மூட்டைகளுக்கு நடுவில், பிளேன்டீயுடன் ஆரம்பமானது. போஷகர் பதுர்தீன் ஹாஜியார், தொழில்நுட்ப ஆலோசகர் இத்ரூஸ், செயலாளர் நான். வேறு உறுப்பினர் இல்லாததால் எல்லாத் தீர்மானங்களும் ஏகமனதாக நிறைவேறின. பின்பக்கம் மட்டும் நொறுங்கிய ஒரு ஜப்பான் காரின் எஞ்சின், தானியங்கி கியர், அதோடு வந்த ‘மூளை’ எனப்படும் பெட்டி, வயர்கள் அனைத்தையும் துரைக் காருக்கு மாற்றுவது என்று முடிவாயிற்று. அதன்பின் ஏசி பற்றிய பிரேரணை வந்தது.

காருக்குக் கூரை இல்லையே என்று நான் மெதுவாக ஞாபகப்படுத்தினேன்.

“கூரை ஈக்குற காருக்கு எவனும் ஏசி போடுவான், கிளாக்கரய்யா,” என்றார் ஹாஜியார். “கூரை இல்லாததுக்குப் போடுறதுதான் கெட்டித்தனம்.”

இந்தக் கருத்தின் ஆழத்தை நான் உடனே புரிந்துகொள்ளாததற்கு என் வயதுதான் காரணம். ஏசி ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதே அடிப்படையில், நான்கு பக்கமும் திறந்திருக்கும் அந்தக் காருக்கு ரிமோட்டால் பூட்டும் கதவுகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன. கை நீட்டினால் ஸ்டியரிங்கைத் தொடலாம். ஆனாலும் கதவு பூட்டியிருக்கும். கள்ளன் நாகரிகம் தெரிந்தவனாக இருந்தால் கதவு வழியாகத்தான் வர முயல்வான் என்றார் இத்ரூஸ். நாகரிகம் தெரியாத கள்ளர்களுக்காக ஒரு சைரனும் பொருத்தப்பட்டது. எஞ்சினை நிறுத்தியதும் அது தானாக விழித்துக்கொள்ளும். அதன்பின் யாராவது காரை அசைத்தால் உக்குவளை வரை கேட்கும்.

வேலை மாதக் கணக்கில் நடந்தது. பழைய எஞ்சினைக் கழற்றி வாழை மரத்தடியில் போட்டார்கள். கடைசியில் ஒரு நாள் இத்ரூஸ் சபையைக் கராஜுக்கு அழைத்து, ரிமோட்டை ஹாஜியாரின் கையில் மரியாதையாகக் கொடுத்தார். ஹாஜியார் ஒரு தடவை அமுக்கினார். கார் சத்தமே இல்லாமல் ஸ்டார்ட் ஆயிற்று. அதற்குள்ளிருந்து ஒரு ஜப்பான் பெண்மணி இனிமையான குரலில் ஒரு வசனம் சொன்னாள்.

என்ன சொல்கிறாள் என்று ஹாஜியார் கேட்டார். ‘வாங்க, சுகமா ஈக்குறீங்களா’ என்று விசாரிக்கிறாள் என்றார் இத்ரூஸ். அடுத்த முறை அமுக்கியபோது அதே வசனம். இம்முறை ‘பயணம் நல்லபடி அமையட்டும்’ என்று வாழ்த்துவதாக இத்ரூஸ் மொழிபெயர்த்தார். மூன்றாம் முறை, எஞ்சின் நல்ல நிலையில் இருப்பதாக அறிக்கை கொடுக்கிறாளாம். ஒரே வசனத்துக்குள் இத்தனை அர்த்தங்களை அடக்கும் ஒரு மொழி உலகத்தில் இருக்கிறதே என்று நான் வியந்தேன். மூன்று மொழிபெயர்ப்புகளையும் கூட்டக் குறிப்பில் சேர்த்துக்கொண்டேன்.

நவீனமயமான காரை ஹாஜியாரின் மகள் ஸரீனாவின் கலியாணத்தன்று ஊருக்குக் காட்டுவது, அதுவரை இரகசியம் காப்பது என்று தீர்மானமாயிற்று. வீட்டாரிடம் காருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள் என்றுதான் சொல்லியிருந்தோம்.

இங்கே ஒரு சிறிய குடும்ப விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸரீனாவைக் கட்டப்போகிற மாப்பிள்ளை நாவுலயைச் சேர்ந்த ஸக்கரியா. வெங்காய வியாபாரம், நல்ல குணம், கெட்ட பழக்கம் கிடையாது. ஆனால் சில வருடங்களுக்கு முன் மாத்தளைக்கும் நாவுலக்கும் நடந்த பெருநாள் கிரிக்கெட் மெட்சில் அவர் அம்பயராக நின்று, ஸரீனாவின் நானா, அதாவது அண்ணன் நுஹ்மானுக்கு எல்.பி. அவுட் கொடுத்துவிட்டார். மாத்தளை அந்த மெட்சில் தோற்றது. பந்து தன் காலுக்கு வெளியே போனது என்பது நுஹ்மானின் கட்சி. உலகத்தில் வேறு மாப்பிள்ளை இல்லாத மாதிரி இந்த விரல் தூக்கியைத்தான் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டுமா என்று வாப்பாவோடு சண்டை பிடித்து, அவன் தம்புள்ளையில் மரக்கறிக் கடை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். வீட்டுக்கு வருவதில்லை. வீட்டில் அவன் பெயரை எடுக்கக்கூடாது என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். அந்தச் சட்டத்தை அதிகமாக மீறியவரும் அவர்தான்.

கலியாணத்துக்கு முந்திய வாரம் ஹாஜியாரின் மனைவி ஜெஸீமா என்னை வாசல் படலையில் மறித்தார். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது.

“ஐயா, ஊட்டுல யாருக்கும் செல்லவாணாம். நுஹ்மான் வாரானாம். சாப்பாட்டுக்கு வரமாட்டானாம், மாப்புளயோட பேசவும் மாட்டானாம். ஆனா தங்கச்சிட காரைத் தள்ளிட்டுப் போறேன் எண்டு ஆள் அனுப்பிக்கான். அவன் கை காருல பட்டாப் போதும் ஐயா. மத்ததெல்லாம் அல்லாஹ் பாத்துக்குவான்.”

அந்தத் தாயின் கண்ணில் நீர் தளும்பியது. காரைத் தள்ளவே தேவையில்லாதபடி நவீனமயமாக்கி வைத்திருக்கிறோம் என்ற உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் இரகசியம் காப்பது என்பது ஏகமனதான தீர்மானம். சபைத் தீர்மானத்தை ஒரு செயலாளர் படலையடியில் நின்று வெளியிட முடியுமா? கச்சேரியில் முப்பது வருடம் கற்ற ஒழுங்கு எனக்குக் கைகொடுத்தது. ‘ரொம்ப சந்தோஷங்க’ என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன்.

கலியாண நாள். பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்து, வீட்டில் புரியாணியும் முடிந்தது. நாவுலயிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த மாப்பிள்ளை வீட்டாரும் எங்கள் தெருவாருமாக வீதி நிறைந்திருந்தது. சிவப்புக் கார் பூ மாலைகளோடு வாசலில் நின்றது. ஸரீனாவும் ஸக்கரியாவும் மணமக்கள் ஆசனத்தில் ஏறினார்கள். பெண் உட்காராமல் நின்றபடியே தெருவின் இரண்டு பக்கத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உம்மா அவளிடம் மட்டும் சொல்லியிருக்க வேண்டும்.

நுஹ்மான் வந்தான். தம்புள்ளை பஸ்ஸில் இறங்கி நேராக வந்திருந்தான். யாரையும் பார்க்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்காகத் தலையை ஒரு பக்கமாகத் திருப்பியே வைத்திருந்தான். சட்டைக் கையை முழங்கை வரை மடித்தான். செருப்பைக் கழற்றி மதிலோரம் வைத்தான். காரின் பின்னால் போய், ஒரு காலைப் பின்னுக்கு ஊன்றி, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். ஜெஸீமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஸரீனா அப்போதுதான் உட்கார்ந்தாள்.

முன்னால் இருந்த ஹாஜியாருக்கு இதொன்றும் தெரியாது. அவர் ரிமோட்டை எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்து, ‘பிஸ்மில்லாஹ்’ என்று அமுக்கினார்.

எஞ்சின் சத்தமில்லாமல் கிளம்பியது. ஜப்பான் பெண்மணி தன் வசனத்தைச் சொன்னாள். கார் வழுக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. நுஹ்மானின் கைகள் இருந்த இடத்தில் காற்றுத்தான் இருந்தது. அவன் அந்தக் காற்றைப் பலமாகத் தள்ளி, இரண்டு முழங்காலிலும் விழுந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நல்லது. அவன் எழுந்தான், முழங்காலைத் தட்டினான், செருப்பை மாட்டினான்.

“அப்ப எங்கட கை தேவல்ல,” என்றான். சண்டைக்காரனின் குரலில் அல்ல, கூப்பிடாத விருந்துக்கு வந்துவிட்டவனின் குரலில். பஸ் ஸ்டாண்ட் பக்கம் திரும்பி நடந்தான்.

சற்றுத் தூரம் போயிருந்த கார் நின்றது. நிறுத்தியது ஹாஜியார் அல்ல. ஸரீனா பின்னாலிருந்து எட்டி வாப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கியிருந்தாள். பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி நேரத்தை வீணாக்காமல், பட்டுச் சாரியைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறிக் குதித்தாள்.

“நானா கை வெக்காத காருல நான் போகல்ல, வாப்பா. நீங்க மாப்புளய மட்டும் கூட்டிட்டுப் போங்க.”

நாவுலக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஸக்கரியாவின் பெரியவாப்பா தொண்டையைச் செருமினார். பெண் வரமாட்டேன் என்கிற கார் ஊர்வலத்தை நடத்திப் பழக்கமில்லாதவர்கள் அவர்கள். ஹாஜியார் திரும்பிப் பார்த்தார். தெருவில் தனியே போய்க்கொண்டிருந்த மகனின் முதுகு அவர் கண்ணில் பட்டது. காரைப் பற்றிய பெருமை அவர் முகத்திலிருந்து இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

“எஞ்சினை நிப்பாட்டுவோம்,” என்றார். “அவன் வந்து தள்ளட்டும்.”

தொழில்நுட்ப ஆலோசகர் ஆட்சேபம் தெரிவித்தார். இது தானியங்கி கியர், தள்ளி ஸ்டார்ட் பண்ண ஏலாது என்றார். நிறுத்தினால் சைரன் விழித்துக்கொள்ளும், தள்ளுகிறவனைக் கள்ளன் என்று நினைக்கும் என்றார்.

“என்ட மகன் என்ட காரைத் தொட்டா அவன் கள்ளனா?”

ஹாஜியாரே ரிமோட்டை அமுக்கினார். எஞ்சின் நிறுத்தப்பட்டது. ஸரீனா நானாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காரின் பின்னால் நிறுத்திவிட்டு, மறுபடி ஏறி மாப்பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நுஹ்மான் செருப்பை மறுபடி கழற்றி மதிலோரம் வைத்தான், சட்டைக் கையை மடித்தான். கைகளை வைத்தான். தள்ளினான்.

சைரன் அலறியது.

அப்படி ஒரு சத்தத்தை மாத்தளை இரண்டு வருடமாகக் கேட்டிருக்கவில்லை. கார் அசைய மறுத்தது. விளக்குகள் எல்லாம் மின்னி மின்னி அணைந்தன. ஹாஜியார் ரிமோட்டில் இருந்த எல்லாவற்றையும் அமுக்கினார். ஏசி பலமாக அடித்தது. அந்த அமளிக்குள் ஜப்பான் பெண்மணி, அமைதி குலையாமல், தன் வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

“அவ என்னத்தைத்தான் செல்றா?” என்று ஹாஜியார் கத்தினார்.

வாழ்நாளில் முதன்முறையாக இத்ரூஸ் சரியாக மொழிபெயர்த்தார். “காட் இல்லை, காட் போடுங்க எண்டு செல்றா, ஹாஜியார். முந்தியும் அதைத்தான் செல்லிட்டு ஈந்தா.” அது ஜப்பானில் பெருந்தெருவில் போக வேண்டிய ஏதோ கட்டண அட்டை என்று அவர் பிறகு விளக்கினார். ஆனால் அந்த விளக்கத்தைக் கேட்க யாருக்கும் அவகாசம் இருக்கவில்லை.

சைரன் சத்தம் ஒரு பக்கம். ‘காட்’ என்ற சொல் இன்னொரு பக்கம். இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சாவடிக் காலத்திலிருந்தே எங்கள் கால்களுக்குத் தெரியும். யாரும் சொல்லவில்லை. ஆண்கள் வீதியின் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், பிள்ளைகள் தாய்மாரோடு. முழுக் கலியாண வீடும் இரண்டு நேர்வரிசையாக நின்றது. புரியாணி மணக்கும் விரல்களில் அடையாள அட்டைகள் மார்புக்கு நேரே உயர்ந்தன. நானும் நின்றேன். என் அட்டை நெஞ்சுப் பையில், மூக்குக் கண்ணாடிக்கு முன்னாலேயே இருக்கும்.

சத்தம் கேட்டு, சந்தியில் வாகனங்களுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளில் வந்தார். சைரனை நிறுத்தச் சொல்லத்தான் வந்தார். அவருக்கு முன்னால் இருநூறு முந்நூறு பேர் அட்டையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அந்த மனிதர் சற்றுத் திகைத்தார். பிறகு சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, முதலாவது அட்டையை வாங்கிப் படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். அடுத்த அட்டையை வாங்கினார். எதற்காகச் சோதிக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது, எதற்காகக் காட்டுகிறோம் என்று எங்களுக்கும் தெரியாது. ஆனால் வேலை எவ்வித தங்குதடையுமின்றி நடைபெற்றது.

கான்ஸ்டபிள் மாப்பிள்ளையிடம் வந்தார். ஸக்கரியாவும் காரைவிட்டு இறங்கி வரிசையில்தான் நின்றார். கோட்டுப் பையில் கைவிட்டார். கைக்குட்டை வந்தது. மற்றப் பையில் ஒரு ரோசாப்பூ வந்தது. அட்டை நாவுலயில், மற்றக் கால்சட்டையில் இருந்தது.

கான்ஸ்டபிள் நல்ல மனிதர். ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. அவர் கை தானாக ஸக்கரியாவின் முழங்கையைப் பிடித்து, இரண்டடி தள்ளித் தனியே நிறுத்தியது. வாய் தானாகச் சிங்களத்தில் கேட்டது: இவரை யாருக்காவது தெரியுமா?

மாப்பிள்ளைக்கு வியர்த்தது. அன்று காலைதான் அவருடைய நிக்காஹ்வுக்கு வந்திருந்தவர்கள், அவருடைய புரியாணியைச் சாப்பிட்டவர்கள், அவரைத் தூக்கி வளர்த்த பெரியவாப்பா, சபையின் போஷகர், தொழில்நுட்ப ஆலோசகர், செயலாளர் ஆகிய அனைவரும் குனிந்து செருப்பைப் பார்த்தோம். என் இடது செருப்பின் வார் பிய்ந்துகொண்டு வருவதை அப்போதுதான் கவனித்தேன்.

சைரன் மூச்சு வாங்கிய ஓர் இடைவெளியில் காலடிச் சத்தம் கேட்டது. நிமிர்ந்தேன். வரிசையை விட்டு ஒருவன் வெளியே நடந்து வந்துகொண்டிருந்தான். முழங்காலில் மண் ஒட்டியிருந்தது. வெறுங்கால். செருப்பு மதிலோரம் கிடந்தது, ஆகவே பார்ப்பதற்கு அவனுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

நுஹ்மான் நேராக வந்து ஸக்கரியாவின் தோளில் கையை வைத்தான். முதலில் சிங்களத்தில் சொன்னான். பிறகு எல்லோருக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னான்.

“எனக்குத் தெரியும், சேர். இவர் எங்கட ஆள். என்ட மச்சான்.”

நிச்சயமாகத் தெரியுமா என்று கான்ஸ்டபிள் கேட்டார்.

“கிரிக்கெட் தெரியா. மத்தபடி நல்ல ஆள்.”

ஸக்கரியா அவனைத் திரும்பிப் பார்த்தார். தோளிலிருந்த கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். “மச்சான், அந்தப் பந்து வெளியதான் போச்சு,” என்றார் மெதுவாக.

“தெரியும்,” என்றான் நுஹ்மான்.

காரிலிருந்து ஸரீனா அழுதுகொண்டே சிரித்தாள். ஜெஸீமா எதிர்வரிசையிலிருந்து அட்டையோடு ஓடிவந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டார். மாப்பிள்ளை மோதிரத்தைக் கழற்றி மச்சானுக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்து பெட்டரி செத்து, சைரனும் பெண்மணியும் ஏசியும் ஒன்றாக அடங்கின.

ஆனால் பின்சக்கரங்கள் இறுகிவிட்டன, தள்ள முடியாது. நுஹ்மான் யோசிக்கவில்லை. மாத்தளைப் பக்கம் அவனும் அவன் சிநேகிதர்களும், நாவுலப் பக்கம் மாப்பிள்ளையின் தம்பிமார், அவர்களோடு தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு கான்ஸ்டபிளும் சேர்ந்து, காரின் பின்பக்கத்தைத் தரையிலிருந்து தூக்கினார்கள். முன்சக்கரங்கள் இரண்டிலும் உருட்டிக்கொண்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் வைத்தபடியே சந்தி வரை கொண்டுபோனார்கள். ஹாஜியார் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் திரும்பி மகனைப் பார்த்துக்கொண்டு போனார். முன்பு ஒரு மச்சான் செய்த வேலைக்கு இப்போது பதினைந்து பேர் தேவைப்பட்டார்கள். வேலைவாய்ப்பு பெருகியிருப்பதாக அன்றைய குறிப்பில் எழுதியிருக்கிறேன்.

அடுத்த மாதம், எல்கடுவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நல்லம்மா என்ற பெண்மணி மகளின் கலியாணத்துக்குக் கார் பேச வந்தார். பழுதைச் சரிபார்த்தாகிவிட்டது, இனிச் சைரன் தொந்தரவு இல்லை என்று ஹாஜியார் உறுதியளித்தார். அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது.

“அந்தச் சத்தம் வந்தாத்தாங்க எங்களுக்கு வேணும். எல்லாரும் வரிசையா நிப்பாங்களாம், மாப்புளைய தனியா நிப்பாட்டுவாங்களாம், பொண்ணோட அண்ணன் வந்து எங்காளுன்னு சொல்லுவானாமே. எம் மவனுக்கு நான் சொல்லிக் குடுத்துட்டேங்க.”

இப்போது மாத்தளையில் அப்படித்தான் நடக்கிறது. கார் தள்ளாமலே கிளம்பும். ஆனாலும் நிறுத்திவிட்டு, மச்சான் ஒரு தரம் தள்ளுவான், சைரன் அலறும், சனம் சிரித்துக்கொண்டு வரிசையில் நிற்கும். அட்டையை வேண்டுமென்றே வீட்டில் வைத்துவிட்டு வருவது மாப்பிள்ளைக்கு அழகு. மச்சான் தோளில் கைவைத்துச் சொன்ன பிறகுதான் ஊர்வலம்.

ஆகவே நவீனமயமாக்கல் பூரண வெற்றி என்று சபையின் இறுதிக் கூட்டத்தில் முடிவு செய்யப்பட்டது. தொட்டவனையெல்லாம் கள்ளன் என்று நினைப்பதும், வீட்டுப் பிள்ளையையே அடையாளம் தெரியாமல் அலறுவதும், எங்களுக்கு விளங்காத மொழியில் அட்டை கேட்பதுமான இந்த அரிய கருவி ஜப்பான் தயாரிப்பு என்று இத்ரூஸ் அடித்துச் சொன்னார். கச்சேரியில் முப்பது வருடம் இருந்தவன் என்ற முறையில், இது உள்ளூர்த் தயாரிப்பு என்பது என் அபிப்பிராயம் என்று பதிந்துகொண்டேன்.

கருவிக்கு நன்றி தெரிவிக்கும் பிரேரணையையும் நானே கொண்டுவந்தேன். ‘இவர் எங்கட ஆள்’ என்று சொல்வதற்கு எஞ்சின் வேண்டியதில்லை, வயர் வேண்டியதில்லை. சந்தியில் அந்தச் சாவடி இருந்த அத்தனை வருடமும் அந்த வார்த்தை எங்கள் வாய்க்குள்ளேயே பத்திரமாக இருந்தது. அதை வெளியே எடுக்க ஜப்பானிலிருந்து ஒரு காரின் மூளை வர வேண்டியிருந்தது. அந்தச் சாவடி வரிசையிலிருந்து எடுத்துத் தனியே நிறுத்தப்பட்ட பையன்களில் சிலர் இன்னும் வீடு திரும்பவில்லை. எங்கள் செருப்புகளுக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.